சில்லின் உருவும் உறுதியும்

மோட்டார்க் கார்களைப் பார்த்துப் பழகியோர், முன்முகத்தைக் கொண்டோ பின்புறத்தின் வளைவைக் கொண்டோ இஃது இன்ன கார் என்று கண்டுகொள்வர். சில்லை மட்டும் காட்டினும் பெயர் சொல்லத்தக்க கார்கள் மிகச் சிலவே. ஜேர்மனி நாட்டின் ஸ்ருட்கார்ட் நகரிலே உருவான போர்ஷே 911 என்னும் ஸ்போர்ட்ஸ் கார் அச்சிலவற்றுள் ஒன்றாகும். ஐந்து இதழ் விரிந்த மலர் போன்ற அதன் பழைய அலுமினியச் சில்லைச் சிறகுச் சில்லு என்பாரும் உளர். ஆயினும் அதனைச் செய்தளித்த தொழிற்சாலையின் பெயரால் ஃபுக்ஸ் சில்லு என்று வழங்குவதே பெருவழக்கு.

1960 களிலும் 1970 களிலும் வெளிவந்த இக்கார்களை இன்று பேணி ஓட்டுவோர் உலகின் பல பாகங்களிலும் உள்ளனர். அவர்களுக்கு ஒரு நாள் புதிய சில்லுகள் தேவைப்படுகின்றன. பழைய சில்லில் வெடிப்புக் கண்டிருக்கலாம். முன்னைய சொந்தக்காரர் பொருத்தமற்ற சில்லுகளை மாட்டியிருக்கலாம். மூலச் சில்லுகளைப் பத்திரப்படுத்திவிட்டு அன்றாட ஓட்டத்திற்கு வேறொரு தொகுதி வாங்க விரும்பலாம். மூலச் சில்லின் விலையோ மிக உயர்ந்துவிட்டது. அவ்வேளையில், பார்வைக்கு அதே உருவில் பிற தொழிற்சாலைகள் செய்து விற்கும் பிரதிச் சில்லுகள் மலிவான வழியாகக் கண்ணுக்குத் தோன்றுகின்றன. படத்தைப் பார்த்தால் வேறுபாடு தெரிவதில்லை. ஐந்து இதழ், நடுவே கறுப்பு, வெளிவிளிம்பிலே வெள்ளிப் பளபளப்பு. பின்னர் எதைக் கொண்டு தெரிவது?

இவ்வினாவுக்கு விடை காண்பதற்கு அம்மூலச் சில்லு ஏன் பிறந்தது என்பதை முதலில் அறிதல் வேண்டும். 911 கார் முதன்முதலாக 1963 ஆம் ஆண்டு ஃபிராங்ஃபர்ட் காட்சியில் 901 என்னும் எண்ணுடன் காட்டப்பட்டது. நடுவே சுழியம் கொண்ட மூன்றிலக்க எண்கள் தமக்கே உரியன என்று பிரெஞ்சு நாட்டுப் பெஜோ நிறுவனம் உரிமை கூறியதால் எண் 911 ஆயிற்று. தொடக்கத்தில் அதற்கு இருந்தவை சாதாரண உருக்குச் சில்லுகளே. 1966 இல், 160 குதிரைவலு கொண்ட 911 எஸ் என்னும் வலிமிக்க வகை வந்தபோது, அதனுடன் புதிய அலுமினியச் சில்லும் வந்தது. உருவத்தை வகுத்தவர் போர்ஷே நிறுவனத்தில் மாதிரிகளை ஆக்கிய ஹைன்ரிச் கிளீ என்பவர். செய்தளித்தது மைனர்ட்ஸ்ஹாகன் என்னும் ஊரிலுள்ள ஒற்றோ ஃபுக்ஸ் தொழிற்சாலை. முதற் சில்லின் விட்டம் 15 அங்குலம். அகலம் நாலரை அங்குலம் மட்டுமே. பின்னர் அகலம் ஐந்தரை, ஆறு, ஏழு என ஏறியது. 1972 இல் பாரிசிலே காட்டப்பட்ட கரேரா ஆர். எஸ். என்னும் புகழ்பெற்ற காரில் முன்னே 6 அங்குலமும் பின்னே 7 அங்குலமும் அகலமான சில்லுகள் பொருத்தப்பட்டன. பின்னர் 16 அங்குல விட்டமுடையவையும் வந்தன. 1989 வரை, ஏறத்தாழ இருபத்துமூன்று ஆண்டுகள், இவ்வுருவம் அக்காரைவிட்டு நீங்கவில்லை.

அழகுக்காக மட்டும் இச்சில்லு ஆக்கப்படவில்லை. உருக்குச் சில்லைவிட ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ 3 கிலோகிராம் எடையைக் குறைப்பதே நோக்கமாயிருந்தது. மூன்று கிலோ என்பது ஒரு பை அரிசியின் பாரம். ஓராயிரம் கிலோகிராம் நிறையுள்ள காருக்கு அஃது ஒரு பொருட்டா என்று கேட்கத் தோன்றும். காரின் உடலில் மூன்று கிலோவைக் குறைத்தால் பொருட்டன்றுதான். சில்லிலே குறைத்தால் நிலைமை வேறு. உடலை வில்கள் தாங்குகின்றன. சில்லையோ எந்த வில்லும் தாங்குவதில்லை. வீதியின் ஒவ்வொரு மேடும் பள்ளமும் அதனைத் தூக்கி எறிகின்றன. எறியப்பட்ட சில்லு மீண்டும் நிலத்தைத் தொடும் வரை ரயருக்குப் பிடிமானம் இல்லை. எடை குறைந்த சில்லு விரைவாகத் திரும்பி வந்து நிலத்தைப் பற்றும்; எடை மிகுந்தது தாமதிக்கும். வளைவொன்றில் விரைந்து செல்லும்போது அத்தாமதத்தின் பொருள் ஓட்டுபவருக்குத் தெளிவாகப் புரியும்.

எடையைக் குறைத்து உறுதியைக் குறைக்காதிருக்கவேண்டும் என்பதனால், ஃபுக்ஸ் தொழிற்சாலையார் அலுமினியக் கலப்புலோகத்தை உருக்கி வார்க்கவில்லை. இதுவே இப்பொருளின் உயிர்நிலை. கொல்லனொருவன் இரும்பைக் காய்ச்சி அடித்துக் கத்தி செய்வதுபோல, உருண்டையான உலோகக் கட்டியொன்றைச் சூடாக்கிப் பெரும் அமுக்கும் இயந்திரத்தில் இட்டுப் பல படிகளில் அழுத்தினர். ஓரத்தில் மிஞ்சிய உலோகத்தை வெட்டி நீக்கினர். இதழ்களிடையே துளைகளைக் குத்தினர். பின்னர் சுற்றோரத்தை இரண்டாகப் பிளந்து, உருளைகளால் உருட்டி விரித்து, ரயர் அமரும் விளிம்பாக்கினர். முழுச் சில்லும் ஒரே கட்டியிலிருந்து பிறந்தது. ஒட்டோ பொருத்தோ அதில் இல்லை. இறுதியில் மின்முறையால் ஒட்சைட்டுப் படலம் ஏற்றி, உப்பும் ஈரமும் தின்னாதபடி மேற்பரப்பைக் காத்தனர்.

அடித்தெடுத்த உலோகத்தில் உள்ளிழைகள் உருவத்தின் வழியே நெருங்கிப் படிந்திருக்கும். வார்த்த உலோகத்தின் இயல்பு வேறு. உருகிய அலுமினியம் அச்சினுள் உறையும்போது வாயுக் குமிழிகள் அகப்படலாம். சுருங்கும்போது நுண்ணிய குழிகள் தோன்றலாம். மேற்பரப்பைத் தேய்த்து மெருகிட்டபின் அவை கண்ணுக்குத் தெரியமாட்டா. நாள்தோறும் வளைந்து நிமிரும் பாரத்தால் வெடிப்புத் தொடங்குவது அத்தகைய குழியிலிருந்துதான். குழியொன்றில் வேகமாக விழும்போது அடித்தெடுத்த சில்லின் விளிம்பு பெரும்பாலும் நெளியும்; நெளிந்தால் காற்று இறங்கும், காரை ஓரமாக நிறுத்தலாம். தரங்குறைந்த வார்ப்போ நெளியாது உடையக்கூடும்.

இவ்வாறு கூறுவதால் வார்ப்புச் சில்லு யாவும் தீது என்று கொள்ளலாகாது. இன்று உலகில் ஓடும் கார்களுள் அலுமினியச் சில்லுடையவற்றில் மிகப் பெரும்பான்மையானவை வார்ப்புச் சில்லிலேதான் ஓடுகின்றன. கார்த் தொழிற்சாலைகளே அவற்றைப் பொருத்துகின்றன. தாழ்ந்த அழுத்தத்தில் உலோகத்தை மெதுவாக அச்சினுள் ஏற்றி, வெப்பப் பதனிட்டு, ஒவ்வொன்றையும் எக்ஸ்-கதிரால் சோதிக்கும் தொழிற்சாலைகள் உண்டு. நடுப்பகுதியை வார்த்து, விளிம்பை மட்டும் சூட்டோடு உருட்டி நெருக்கும் இடைவழியும் உண்டு. இவை யாவும் நேர்மையான முறைகளே. ஆனால் வார்த்த உலோகம் அடித்தெடுத்த உலோகத்தின் வலுவைப் பெறவேண்டுமானால் தடிப்பைக் கூட்டவேண்டும். தடிப்புக் கூடினால் எடை கூடும். ஆதலின், மூலச் சில்லின் உருவும் எடையும் வலுவும் எல்லாம் உண்டு, விலை மட்டும் கால்வாசி என்று கூறும் வணிகரிடம், இம்மூன்றில் எதனைக் குறைத்து அவ்விலை வந்தது என்று கேட்பதே அறிவுடைமை. எடையை அறிவது எளிது. ஒரு தராசு போதும். உருவத்தை நகலெடுப்பது எல்லாவற்றிலும் எளிது. வலுவை அறிவதுதான் அரிது. வாங்குவோர் பலரும் செய்யும் ஆராய்ச்சி இவ்வரிசைக்கு நேர் மாறாகவே அமைகின்றது! இதழின் வளைவு மூலத்தோடு ஒத்திருக்கின்றதா என்று மணிக்கணக்காகப் படங்களை ஒப்பிடுவோர், சில்லின் பின்புறத்தை ஒருதரமேனும் புரட்டிப் பார்ப்பதில்லை.

பின்புறத்தில் அப்படி என்ன உண்டு? முதலாவதாக அளவுகள். விட்டமும் அகலமும் யாவரும் அறிந்தவை. மூன்றாவது அளவு ஒன்றுண்டு. அதனை ஓஃப்செற் என்பர். சில்லின் அகலத்துக்கு நடுவே ஒரு கோடு கிழித்தால், குடத்தோடு பொருந்தும் முகம் அக்கோட்டிலிருந்து எத்தனை மில்லிமீற்றர் தள்ளி நிற்கின்றது என்பதே ஓஃப்செற். ஜேர்மன் சில்லுகளில் ஈ. ரி. என்னும் எழுத்துக்களின் பக்கத்தே இந்த எண் பொறிக்கப்பட்டிருக்கும். 911 காரின் 6 அங்குலச் சில்லுக்கு இது 36. பெருவழக்கான 7 அங்குலச் சில்லுக்கு 23.3, 8 அங்குலச் சில்லுக்கு 10.6. பார்த்த மாத்திரத்தில் இவை பொருளற்ற எண்கள் போலத் தோன்றும். சற்றே கணக்கிட்டால் அவற்றின் அழகு வெளிப்படும்.

ஆறு அங்குலம் என்பது 152.4 மில்லிமீற்றர், அதன் பாதி 76.2. இதனுடன் 36 ஐக் கூட்டினால், குடத்தின் முகத்திலிருந்து உள்விளிம்பு 112.2 மில்லிமீற்றர் தொலைவில் நிற்பது தெரியும். ஏழு அங்குலத்தின் பாதி 88.9, அதனுடன் 23.3 ஐக் கூட்டினாலும் 112.2. எட்டு அங்குலத்தின் பாதி 101.6, 10.6 ஐக் கூட்டினாலும் அதே 112.2! சில்லு எத்துணை அகன்றாலும் அதன் உள்விளிம்பு இம்மியும் உள்ளே நகரவில்லை; கூடிய அகலம் முழுவதும் வெளிப்புறமாகவே சென்றது. உள்ளே வில்லின் உறுப்புக்களும் பிறேக்கும் இருக்கின்றன, அங்கே இடமில்லை. ஆகவேதான் சில்லு அகல அகல மட்காட்டை வெளியே விரித்தனர். கரேரா ஆர். எஸ். காரின் பின்புறம் தடித்துத் தோன்றுவதற்கும் அதற்குப் பின் வந்த ரேர்போ காரின் இடுப்புப் பெருத்ததற்கும் காரணம் இதுவே.

பிரதிச் சில்லு வாங்குவோர் அறியவேண்டியதும் இதனுள் அடங்கியுள்ளது. விரியாத மட்காட் உடைய 1960 களின் கார் ஒன்றிற்கு, அகன்ற பிற்காலச் சில்லின் பிரதியை வாங்கினால், ரயர் மட்காட்டின் ஓரத்தில் உராயும். அதற்கஞ்சி ஓஃப்செற்றை மிகுத்துச் செய்த சில்லை வாங்கினால், உள்ளே உராயும். வேறு கார்களுக்கென்று செய்த ஐந்திதழ்ச் சில்லுகளும் சந்தையில் உண்டு. அவற்றைத் தகடுகள் வைத்துப் பொருத்துவோரும் உண்டு. சுரையாணி போதிய நீளம் இல்லாதபோது தகடு வைத்தால், சுரை பற்றும் புரிகள் குறைந்துவிடும். தகடு வைக்கவேண்டிய தேவை வராதபடி சரியான ஓஃப்செற் உடைய சில்லைத் தேடுவதே நலம்.

குடத்தோடு பொருந்தும் இடத்தில் இன்னும் சில நுட்பங்கள் உள. 911 காரின் ஐந்து சுரையாணிகளும் 130 மில்லிமீற்றர் விட்டமுள்ள வட்டத்தில் நிற்கின்றன. ஒன்றிரண்டு மில்லிமீற்றர் வேறுபட்ட வட்டமுடைய சில்லை இழுத்துப் பிடித்து இறுக்கிவிடலாம் என்று சொல்வார் சொல்லைக் கேட்டல் ஆபத்து. நடுத்துளையும் குடத்தில் இறுகப் பொருந்தவேண்டும். பல கார்களுக்கும் பொதுவாகப் பெருந்துளையிட்ட சில்லாயின், இடைவெளியை நிரப்பும் வளையம் வேண்டும். இல்லையேல் வேகத்தில் கைச்சில்லு நடுங்கும்.

இவற்றைக்காட்டிலும் அதிகம் கவனிக்கப்படாதது சுரை அமரும் இருக்கை. போர்ஷேயின் மூலச் சில்லில் அவ்விருக்கை பந்தின் பகுதிபோல் 14 மில்லிமீற்றர் ஆரையில் குழிந்திருக்கும். சுரையின் அடியும் அவ்வாறே உருண்டிருக்கும். சந்தையிலுள்ள பல சில்லுகளின் இருக்கையோ 60 பாகைக் கூம்பாக அமைந்துள்ளது. உருண்டைச் சுரையைக் கூம்பு இருக்கையில் வைத்து இறுக்கினால், இரண்டும் ஒரு மெல்லிய கோட்டில் மட்டுமே தொடும். கருவி காட்டும் முறுக்குவிசை சரியாகவே இருக்கும், பிடிப்போ பொய்ப்பிடிப்பு. சில நாட்களில் அலுமினியம் தேய்ந்து சுரை தளரும். சில்லு கழன்றுபோவதற்கு இதைவிட எளிய வழி இல்லை. பிரதிச் சில்லுக்கு எவ்வகைச் சுரை வேண்டுமென்று செய்தவரிடமே எழுத்தில் கேட்டுப் பெறுதல் வேண்டும். பழைய சுரைகள் அழகாயிருக்கின்றன என்பதற்காக அவற்றையே மாட்டுதல் கூடாது.

பிறேக்கைப் பற்றி ஒரு சொல் போதும். பிற்காலத்துப் பெரிய பிறேக்குகளைப் பழைய காரில் ஏற்றியிருப்போர், புதிய சில்லை வெறும் விளிம்பாகவே ஒருமுறை மாட்டிக் கையாற் சுழற்றிப் பார்த்த பின்னரே ரயர் ஏற்றவேண்டும். ரயர் ஏற்றிய சில்லை எந்த வணிகரும் திரும்ப வாங்கமாட்டார்.

அளவுகளுக்கு அடுத்தபடியாகப் பின்புறத்தில் தேடவேண்டியவை சோதனைக் குறிகள். சில்லைச் சோதிப்போர் மூன்று வகையாக அதனை வருத்துகின்றனர். வளைவில் திரும்பும்போது ஏற்படும் பாரத்தைப் போல, சுழலும் சில்லை இலட்சக்கணக்கான தடவை வளைக்கின்றனர். ரயருடன் சுழலும் உருளைமீது அழுத்தி நெடுந்தூரம் ஓட்டுகின்றனர். 13 பாகை சாய்த்து வைத்த சில்லின் விளிம்பிலே பாரமான கட்டியொன்றை விழவிடுகின்றனர். ஜப்பான் நாட்டில் இத்தகைய நியமத்தைக் காட்டுவது ஜே. டபிள்யூ. எல். என்னும் குறி. அதனைச் செய்தவரே பொறித்துக்கொள்ளலாம். வேறொரு சபையார் சோதித்துப் பதிந்தனர் என்பதைக் காட்டுவது வி. ஐ. ஏ. என்னும் குறி. ஜேர்மனியில் அரசாங்க மோட்டார் வாகன அலுவலகத்தின் அனுமதி எண் சில்லிலே பொறிக்கப்படுவதுண்டு. மாற்றுச் சில்லுகளுக்கென ஐக்கிய நாடுகளின் 124 ஆம் ஒழுங்குவிதி என ஒன்றும் உண்டு. குறியும் போலியாகப் பொறிக்கப்படலாம் என்பது மெய்யே. ஆயின் குறியே இல்லாத சில்லைப் பற்றி ஐயுறுவதற்கு இடமே இல்லை, அதனை விட்டுவிடலாம்.

குறியின் பக்கத்தே சில்லு தாங்கக்கூடிய பாரமும் எழுதப்பட்டிருக்கும். காரின் முழு நிறையை நான்கால் வகுத்து அமைதிகொள்ளல் பிழை. 911 காரின் இயந்திரம் பின்னச்சுக்கும் பின்னால் தொங்குகின்றது. முன்னச்சைவிடப் பின்னச்சே மிகுந்த பாரத்தைச் சுமக்கின்றது. பின்னச்சுக்கு அனுமதிக்கப்பட்ட உச்சப் பாரம் 800 கிலோகிராம் என்று வைத்துக்கொண்டால், பின்சில்லு ஒவ்வொன்றும் 400 கிலோகிராமுக்குக் குறையாது தாங்கவேண்டும். முன்சில்லுக்குப் போதுமானது பின்சில்லுக்குப் போதும் என்பதில்லை.

இவ்வளவும் கேட்டபின், வம்பெதற்கு, விலை எவ்வளவாயினும் மூலச் சில்லையே வாங்கிவிடலாம் என்று எண்ணுவோர் இருப்பர். அவ்வெண்ணமும் ஆராய்வின்றி ஏற்கத்தக்கதன்று. ஐம்பது ஆண்டுக்கு மேற்பட்ட சில்லு எத்தனை நடைபாதைக் கல்லில் மோதியது, எத்தனை தடவை நெளிவெடுக்கப்பட்டது என்று அதன் முகத்தில் எழுதப்பட்டிருப்பதில்லை. கண்ணாடிபோல் மெருகிடுவோர், ஒட்சைட்டுப் படலத்தை நீக்கி, கீறல் மறையும்வரை உலோகத்தையும் கடைந்தெடுத்திருக்கலாம். விளிம்பில் உலோகம் ஒட்டி நிரப்பிய சில்லும் உண்டு. ஒட்டும்போது ஏறிய சூடு அவ்விடத்து வலுவைக் கெடுத்துவிடும். மூலச் சில்லானாலும் சுழற்றிப் பார்த்து நெளிவறிந்து, வெடிப்பினுள் ஊறிக் கசியும் நிறநீரைப் பூசிச் சோதித்த பின்னரே ஏற்றவேண்டும். நல்ல தொழிற்சாலையில் ஆகிய புதிய பிரதி, சரித்திரம் தெரியாத பழைய மூலத்தைவிட அஞ்சாமல் ஓட்டத்தக்கது. ஃபுக்ஸ் தொழிற்சாலையே அண்மைக் காலத்தில் பழைய உருவிற் சில அளவுகளை மீண்டும் அடித்தெடுத்து விற்கின்றது. பொருள்வசதி உடையோருக்கு அது நடுவழி.

பிரதி என்ற சொல்லிலே இழிவில்லை. தன் பின்புறத்தில் தன் தொழிற்சாலையின் பெயரையும் தன் பாரத்தையும் தன் பிறந்த மாதத்தையும் பொறித்து நிற்கும் பிரதி ஒரு நேர்மையான பண்டம். மூலச் சில்லின் பின்புறத்தில் ஃபுக்ஸ் முத்திரையும் போர்ஷேயின் உறுப்பு எண்ணும் அளவும் செய்த ஆண்டும் மாதமும் இருக்கும். காரின் ஆண்டோடு சில்லின் ஆண்டு இசைகின்றதா என்று வாங்குவோர் பார்ப்பது அதனாற்றான். அம்முத்திரையைப் பிரதியிலும் பொறிக்கும்போது, அல்லது பிரதியின் பெயரைத் தேய்த்து அழிக்கும்போதுதான் வஞ்சகம் புகுகின்றது. காரை விற்பவர் நான்கு சில்லும் பிரதி என்று சொல்லி விற்றால் விலை சற்றே குறையலாம். சொல்லாது விற்றாலோ, அடுத்து ஓட்டுபவர் அடித்தெடுத்த சில்லென்று நம்பிப் பந்தயத் திடலுக்கு அக்காரைக் கொண்டுபோகக்கூடும்.

தெரிந்தெடுத்த சில்லைப் பொருத்தும் நாளில் குடத்தின் முகத்திலுள்ள துருவையும் பழைய மசகையும் துடைத்துவிடவேண்டும். சுரைகளைக் கையால் ஏற்றி, ஒன்றைவிட்டு ஒன்றாகச் சிறிது சிறிதாக இறுக்கி, கார் நிலத்தில் நின்றபின் அளவுகாட்டும் கருவியால் 130 நியூற்றன் மீற்றர் வரை முறுக்கவேண்டும். இது மூலச் சில்லுக்கும் அதன் சுரைக்கும் போர்ஷே வகுத்த அளவு. பிரதியைச் செய்தவர் வேறு அளவு குறித்திருந்தால் அதனையே கொள்ளவேண்டும். காற்றினால் இயங்கும் முறுக்கியை அலுமினியச் சுரையின் அருகே விடலாகாது. முதல் எண்பது, நூறு கிலோமீற்றர் ஓடியபின், சில்லு ஆறிய நிலையில், ஐந்து சுரைகளையும் அதே கருவியால் இன்னொருமுறை பார்க்கவேண்டும். புதிய அலுமினியம் தன் இருக்கையில் சிறிது அமுங்குவது இயல்பு. அவ்வேளையில் ஒரு சுரையேனும் கால் சுற்றுக்கு மேல் திரும்பினால், ஓட்டத்தைத் தொடராது சில்லைக் கழற்றி இருக்கையைப் பார்ப்பது தகும்.